டிரைவில் தேடிய கோளாறு மோட்டாருக்குள் இருந்தது

நேற்று மாலை 40 மில்லிமீட்டர் எம்.எஸ். (மென் எஃகு) ராடு ஒன்றை என் லேத்தின் சக்கில், அதாவது பொருளைப் பிடித்துச் சுழற்றும் பிடிப்பானில் பிடித்து, ஒரே ஓட்டத்தில் இரண்டு மில்லி ஆழம் கொடுத்தேன். விட்டத்தில் நான்கு மில்லி குறைகிற கடைசல் அது. மோட்டார் முனகவில்லை. சீவல் நீலம் பாரித்துச் சுருண்டு தட்டில் விழுந்துகொண்டே இருந்தது. மோட்டாரை ஓட்டும் டிரைவின் திரையில் 5.2 ஆம்பியர் காட்டியது. ஒரு பழைய லேத்தின் மும்முனை மோட்டாரை ஒருமுனை மின்சாரத்தில் இப்படி ஓடவைக்க எனக்கு மூன்று வாரமும் ஒன்பதாயிரத்துச் சொச்சம் ரூபாயும் ஆகியிருக்கின்றன. மறந்துவிடும் முன் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

லேத் பழையது. நாலரை அடி நீளம், எட்டு அங்குலச் சக், பெல்ட்டை மாற்றி வேகம் கூட்டிக் குறைக்கும் மூன்று படிப் புல்லி. கோவையில் ஒரு கடைசல் பட்டறையை மூடியபோது 70,000 ரூபாய்க்கு வாங்கினேன். படுகையில் தேய்மானம் குறைவு. கை வைத்துத் தடவிப் பார்த்ததுமே விட மனம் வரவில்லை. ஆனால் அதில் இருப்பது மும்முனை மோட்டார், நான் வாடகைக்கு எடுத்திருக்கும் இடத்தில் இருப்பதோ ஒருமுனை இணைப்பு. புது இணைப்புக்கு இடத்தின் உரிமையாளர் சம்மதிக்கவில்லை.

தோட்டத்தில் பம்ப்செட் வைத்திருப்பவர்கள் கண்டன்சர் போட்டு மும்முனை மோட்டாரை ஓட்டிவிடுவதைச் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். பம்புக்கு ஏறத்தாழ ஒரே சுமை என்பதால் அங்கே அது ஒத்துப்போகிறது. லேத்தில் டூல் இரும்பைத் தொடும்போது ஒரு சுமை, விடும்போது வேறு சுமை. அதனால் அந்த வழியை விட்டுவிட்டு வி.எஃப்.டி. தேடினேன். ஒருமுனை 230 வோல்ட்டை வாங்கி, உள்ளே 325 வோல்ட் டி.சி.யாக மாற்றி, அதை நறுக்கி மும்முனையாகத் தரும் பெட்டி அது. டிரைவ் என்று சொல்வது அதைத்தான். 1.5 கிலோவாட், வெளியீடு 7 ஆம்பியர் என்று எழுதியிருந்த பழைய டிரைவ் ஒன்று 4,500 ரூபாய்க்குக் கிடைத்தது. அதற்கு முன் மரம் செதுக்கும் சி.என்.சி. இயந்திரம் ஒன்றில் இருந்ததாம். அந்தத் தகவல் பின்னால் முக்கியமாகப் போகிறது என்று அப்போது தெரியாது.

வயரிங் செய்யும்போது பெரிய தவறு எதுவும் நடக்கவில்லை, ஒன்றைத் தவிர. உள்ளே வரும் லைனுக்கு 20 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்), 4 சதுர மில்லி கம்பி. இரண்டு ஹெச்.பி. மோட்டாருக்கு இவ்வளவு எதற்கு என்று தோன்றலாம். ஒருமுனையில் ஓடும் இந்த அளவு டிரைவ் முழுச் சுமையில் 14 ஆம்பியர் வரை இழுக்கும். மோட்டாருக்குப் போகும் மூன்று முனைகளையும் லைன் வரும் முனைகளையும் இரண்டு முறை சரிபார்த்தேன். லைனை வெளியீட்டு முனையில் கொடுத்துவிட்டால் டிரைவ் அந்த நொடியே போய்விடும். மோட்டாரின் உடலுக்கும் டிரைவுக்கும் தனி எர்த் இழுத்தேன்.

தவறு எதுவென்றால், லேத்தில் ஏற்கெனவே இருந்த முன்-பின் சுழற்சி சுவிட்சை அப்படியே டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் விட்டுவிட்டேன். கைப்பிடியை இந்தப் பக்கம் தள்ளினால் முன்னே, அந்தப் பக்கம் தள்ளினால் பின்னே. பழகிய கைப்பிடி என்பதால் கழற்ற மனமில்லை. மூன்றாம் நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பழக்கத்தில் கைப்பிடியைத் திருப்பிவிட்டேன். டப்பென்று ஒரு சத்தம், திரையில் ஓவர் கரண்ட். டிரைவ் பிழைத்தது என் நல்ல காலம். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஓட்டத்திலேயே திறந்து மூடும் எந்த சுவிட்சும் இருக்கக் கூடாது. பிறகு அதே சுவிட்சின் காண்டாக்ட்டுகளை டிரைவின் கட்டுப்பாட்டு முனைகளுக்குக் கொண்டுபோனேன். இப்போது கைப்பிடி அதே கைப்பிடிதான், ஆனால் அதன் வழியாகப் போவது சிறு சிக்னல் மட்டும்.

இனி மோட்டார் சுற்றாத கதை.

முதல் நாள் ஸ்டார்ட் கொடுத்து 50 ஹெர்ட்ஸ் வரை ஏற்றினேன். மோட்டார் உறுமியது, தண்டு சோம்பலாக அசைந்தது, அவ்வளவுதான். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினால் மெதுவாகச் சுற்றியது, கையால் பிடித்தால் நின்றுவிடும் போலிருந்தது. டிரைவின் திரையில் வெளியீட்டு வோல்ட்டேஜைப் பார்க்கும் வசதி இருக்கிறது. அது 29 என்று காட்டியது. நம்பவில்லை. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன்: ஒரு முறை 90, கொஞ்சம் நேரம் கழித்து 110. திரை தவறு, மீட்டர் சரி, டிரைவின் உள்ளே ஏதோ ஒரு பகுதி போய்விட்டது என்று முடிவு கட்டி ஒரு நாள் முழுவதையும் வீணாக்கினேன். திரை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. டிரைவின் வெளியீடு நறுக்கப்பட்ட அலை. 600 ரூபாய் மல்டிமீட்டரால் அதை ஒழுங்காக அளக்க முடியாது. ஆம்பியரைக் கம்பியைச் சுற்றிக் கவ்வி அளக்கும் டங் டெஸ்டரால் பார்க்கலாம், வோல்ட்டுக்குத் திரையையே நம்பலாம்.

இதே வகை டிரைவ் வைத்திருந்த ஒருவரிடம் கையேட்டை நகல் எடுத்து வந்து ஒவ்வொரு அமைப்பாகப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. அடிப்படை அதிர்வெண் என்ற இடத்தில் 400 இருந்தது. மரம் செதுக்கும் ஸ்பிண்டில்கள் 400 ஹெர்ட்ஸில் ஓடுபவை. அதற்காக யாரோ வைத்தது. 400 ஹெர்ட்ஸுக்குப் போனால்தான் முழு 230 வோல்ட் தருவேன் என்று டிரைவ் காத்திருக்கிறது. 50 ஹெர்ட்ஸில் அதில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 29 வோல்ட். கணக்கு அப்படியே பொருந்தியது. எல்லாவற்றையும் கம்பெனி வைத்த ஆரம்ப நிலைக்கு மீட்டமைத்து, அதிகபட்ச வோல்ட்டேஜை டிரைவின் 230-இலேயே வைத்து, அடிப்படை அதிர்வெண் 50, துருவம் 4, நிமிடத்துக்குச் சுற்று 1420 என்று மோட்டாரின் தகட்டைப் பார்த்தே ஏற்றினேன். தகட்டிலிருந்து மூன்று எண்களை எடுத்தவன் நான்காவதைக் கவனிக்கவில்லை.

இப்போது மோட்டார் அழகாகச் சுற்றியது. வெறும் ஓட்டத்தில் குறையே சொல்ல முடியாது. அரை மில்லி ஆழம் வரைக்கும் கடைந்தது. ஒரு மில்லியில் வேகம் தளர்ந்தது. ஒன்றரை மில்லியில் முனகிக்கொண்டே நின்றுவிட்டது, டிரைவும் ஓவர்லோடு என்று அணைந்துவிட்டது. திரையில் 50 ஹெர்ட்ஸ், 230 வோல்ட். எல்லா எண்களும் சரியாக இருக்கும்போது வலு மட்டும் எங்கே போகிறது?

வலு குறைவு என்றால் டார்க் பூஸ்ட்டை, அதாவது கிளம்பும்போது கூடுதல் வோல்ட்டேஜ் தரும் அமைப்பை, ஏற்றுவதுதான் வழி என்று நினைத்தேன். 5 சதவீதத்திலிருந்து 10, பிறகு 15, கடைசியில் 20 வரை போனேன். கிளம்பும்போது கொஞ்சம் வேகமாகக் கிளம்பியது, கடைசலில் ஒரு மாற்றமும் இல்லை. குறைந்த வேகத்தில் ஓட்டினால் மோட்டார் சுட்டது. பூஸ்ட் வேலை செய்வது கீழ் அதிர்வெண்ணில் மட்டும்தான். 50 ஹெர்ட்ஸில் டிரைவ் ஏற்கெனவே தன்னிடம் உள்ள முழு வோல்ட்டேஜையும் கொடுத்துக்கொண்டிருக்கிறது, அதற்கு மேல் தர எதுவும் இல்லை. இதை யோசிக்காமல் ஆறு நாள் எண்களை மாற்றிக்கொண்டிருந்தேன்.

இந்தியாவின் முதல் மின் மோட்டாரை 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் செய்துகாட்டிய ஊர் கோவை. இங்கே மோட்டார் தகராறு என்றால் வைண்டிங் கடையைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. எங்கள் பட்டறைக்கு நான்கு கடை தள்ளி இருக்கும் வைண்டிங் அண்ணனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் ஒரே கேள்வி கேட்டார்.

"தம்பி, தகட்டில் ஸ்டாரா டெல்டாவா?"

"ஸ்டார் என்று போட்டிருக்கிறது அண்ணா. 415 வோல்ட், 3.4 ஆம்பியர்."

"415 கேட்கிற மோட்டாருக்கு 230 கொடுத்தால் எப்படி இழுக்கும்? பாதி வயிற்றுக்குச் சோறு போட்டுவிட்டு மூட்டை தூக்கச் சொல்கிறீர்களே. எண்ணையெல்லாம் விட்டுவிட்டு மூடியைத் திறங்கள்."

நான் கவனிக்காமல் விட்ட நான்காவது எண் அதுதான். ஒருமுனையிலிருந்து ஓடும் என் டிரைவால் 230 வோல்ட்டுக்கு மேல் தர முடியாது. மோட்டாரின் இழுவிசை வோல்ட்டேஜின் இருமடியைப் பொறுத்தது. 230-ஐ 415-ஆல் வகுத்து இருமடியாக்கினால் 0.31. மூன்றில் ஒரு பங்கு வலுவோடு அந்த மோட்டார் அரை மில்லி கடைந்ததே பெரிய காரியம்.

தீர்வு, ஸ்டாரை டெல்டாவாக மாற்றுவது. மோட்டாருக்குள் இருக்கும் மூன்று கம்பிச் சுற்றுகளின் கடை முனைகளை ஒன்றாக முடிந்தால் ஸ்டார். ஒன்றின் கடையை அடுத்ததன் தலையோடு கோர்த்து முக்கோணமாக்கினால் டெல்டா. ஸ்டாரில் 415 வோல்ட் கேட்கும் சுற்றுகள் ஒவ்வொன்றுக்கும் உண்மையில் கிடைப்பது 240 வோல்ட்தான். டெல்டாவில் கட்டினால் டிரைவின் 230 நேராகச் சுற்றுக்கே போய்ச் சேரும். ஆறு முனை உள்ள மோட்டாராக இருந்தால் ஐந்து நிமிட வேலை: முனைப் பலகையில் ஒரே வரிசையாகக் கிடையாக இணைத்திருக்கும் செம்புத் தகடுகளைக் கழற்றி, மூன்றையும் செங்குத்தாக மாட்ட வேண்டும். என் மோட்டாரின் பெட்டியைத் திறந்தால் மூன்றே மூன்று கம்பிகள். ஸ்டார் முடிச்சை உள்ளேயே போட்டு வார்னிஷில் மூடியிருக்கிறார்கள்.

மோட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் கடைக்கே போனேன். அன்று மதியம் முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். விசிறியைக் கழற்றுவதற்கு முன் அவர் மூடிக்கும் உடலுக்கும் குறுக்கே பஞ்ச்சால் இரண்டு புள்ளி வைத்தார், திரும்ப மாட்டும்போது மூடி அதே இடத்தில் உட்கார வேண்டும் என்பதற்காக. ரோட்டரை வெளியே எடுத்ததும் சுற்றுகளின் ஓரத்தை ஹாட் ஏர் கன்னால் இதமாகச் சூடாக்கினார். வார்னிஷ் இளகியது. மூங்கில் சீவல் ஒன்றால் நூல் கட்டை நெம்பி நெம்பி, பருத்த ஸ்லீவ் ஒன்றை வெளியே இழுத்தார். அதற்குள் மூன்று செம்புக் கம்பிகள் ஒன்றாக முறுக்கிப் பற்றவைத்துக் கிடந்தன. "இதுதான் உங்கள் இத்தனை நாள் தலைவலி," என்றார். இரும்புக் கத்தியைக் கிட்டேயே கொண்டுவரவில்லை. பக்கத்துக் கம்பியின் எனாமல் ஒரு இடத்தில் கீறினாலும் முழு வைண்டிங்கும் போய்விடும் என்றார்.

முடிச்சைப் பிரித்து, மூன்று முனைக்கும் மூன்று வளையும் கம்பிகளைப் பற்றவைத்து, ஸ்லீவ் மாட்டி, நூலால் கட்டி, மேலே வார்னிஷ் ஊற்றினார். இரவு முழுவதும் இரண்டு 100 வாட் பல்புகளை உள்ளே எரியவிட்டுக் காயவைத்தார். பிரித்ததுதான் பிரித்தோம் என்று 6205 பேரிங் இரண்டையும் மாற்றச் சொன்னேன்.

மறுநாள் காலையில் அளந்த அளவுகளைக் குறித்து வைத்திருக்கிறேன், இதே வேலையைச் செய்பவர்களுக்கு உதவும். பிரிப்பதற்கு முன் எந்த இரண்டு கம்பிக்கு நடுவிலும் 9.2 ஓம் இருந்தது. பிரித்த பின் ஒவ்வொரு சுற்றும் தனியாக 4.6 ஓம். டெல்டாவில் இணைத்த பின் எந்த இரண்டு முனைக்கு நடுவிலும் 3.1 ஓம். ஒரு சுற்றின் அளவில் மூன்றில் இரண்டு பங்கு வர வேண்டும், வந்தது. மூன்று ஜோடியும் ஒரே அளவு காட்டினால்தான் கரண்ட் கொடுக்கலாம். இணைப்பு முறை (யூ, வி, டபிள்யூ மூன்று சுற்றுகள், 1 தலை முனை, 2 கடை முனை): யூ1 உடன் டபிள்யூ2, வி1 உடன் யூ2, டபிள்யூ1 உடன் வி2. பிரித்தெடுத்த மூன்றும் சுற்றுகளின் கடை முனைகள் என்பது உறுதி என்பதால், எது எந்தச் சுற்றைச் சேர்ந்தது என்று மல்டிமீட்டரில் பார்த்துப் பெயர் ஒட்டினால் போதும். மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் உடலுக்கும் சுற்றுக்கும் நடுவில் 100 மெகா ஓமுக்கு மேல் காட்டியது.

மகிழ்ச்சியோடு பட்டறைக்கு வந்து மாட்டி ஸ்டார்ட் கொடுத்தேன். கொடுத்த நொடியில் ஓவர் கரண்ட். மறுபடி கொடுத்தேன், மறுபடியும் அதே. மனம் விட்டுப்போனது. வைண்டிங்கில்தான் தவறு நடந்திருக்கிறது என்று அண்ணனைக் கூப்பிடக் கைபேசியை எடுத்துவிட்டேன். எண்ணை அழுத்தும் முன், அமைப்புகளை ஒரு முறை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. டார்க் பூஸ்ட் இன்னும் 20 சதவீதத்திலேயே இருந்தது. முன்பு ஸ்டாரில் இருந்தபோது அந்த வோல்ட்டேஜ் இரண்டு சுற்றுகளின் வழியாகப் போனதால் மோட்டார் சுட்டதோடு தப்பியது. டெல்டாவில் 46 வோல்ட் நேராக 4.6 ஓம் மேல் விழுகிறது. சுற்றுக்குப் பத்து ஆம்பியர், லைனில் பதினேழு. 7 ஆம்பியர் டிரைவ் வேறு என்ன செய்யும்? 4 சதவீதத்துக்கு இறக்கினேன். மோட்டார் கரண்டையும் 3.4-இலிருந்து 5.9-ஆக மாற்றினேன். டெல்டாவில் தகட்டு அளவை 1.73-ஆல் பெருக்க வேண்டும், இதை மறந்தால் டிரைவ் நடுவேலையில் அணைந்துகொண்டே இருக்கும். ஸ்டார்ட் கொடுத்தேன். சத்தமே இல்லாமல் கிளம்பியது.

அதன் பிறகு நடந்தவை சின்னச் சின்னத் திருத்தங்கள். ஆனால் ஒன்று ஆபத்தில் முடிந்திருக்கும், அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

நிறுத்தும் நேரத்தை 2 நொடி என்று வைத்தால் ஓவர் வோல்டேஜ் வந்தது. சக் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. அது சுழலும் வேகத்தில் மோட்டார் ஜெனரேட்டராகி, டிரைவுக்குள்ளேயே கரண்டைத் திருப்பி அனுப்புகிறது. திரையில் டி.சி. 325-இலிருந்து 400-ஐ நோக்கி ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 8 நொடி வைத்தால் பிரச்சினை இல்லை. ஆனால் ஒவ்வொரு அளவெடுப்புக்கும் 8 நொடி காத்திருப்பது பொறுமையைச் சோதித்தது. கையேட்டில் சொன்னபடி திரும்பி வரும் கரண்டை வெப்பமாக்கித் தீர்க்கும் 100 ஓம், 300 வாட் பிரேக் ரெசிஸ்டர் ஒன்றை வாங்கி மாட்டினேன். இரண்டே நொடியில் சக் நின்றது. மூன்று நாள் அதில் பெருமையாக வேலை செய்தேன்.

இந்த லேத்தின் சக், மரையில் திருகிப் பூட்டும் பழைய வகை. கடையும்போது சுமை அதை இறுக்கும், திடீரென்று பிரேக் போட்டால் அதன் சொந்த எடையே அதைத் தளர்த்தும். பட்டறையில் பழகிய காலத்தில் கற்றுக்கொடுத்தபடி சக்கின் பின்தட்டுக்கும் ஸ்பிண்டில் காலருக்கும் குறுக்கே சாக்பீஸ் கோடு போட்டு வைத்திருந்தேன். நான்காம் நாள் மேல் வேகத்தில் ஓட்டி நிறுத்திய பின் பார்த்தால், கோட்டின் இரண்டு பாதியும் ஒரு விரல் அகலம் விலகியிருந்தன. இன்னும் இரண்டு மூன்று நிறுத்தங்கள் போயிருந்தால் சக் கழன்று என் மேலேயே விழுந்திருக்கும். அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இப்போது நிறுத்தும் நேரம் 6 நொடி, பின் சுழற்சிக்கு அதிகபட்சம் 25 ஹெர்ட்ஸ். மரை வகைச் சக் வைத்திருப்பவர்கள் பிரேக் ரெசிஸ்டருக்குச் செலவழிக்கவே வேண்டாம். என்னுடைய 950 ரூபாய் இப்போது சும்மா தொங்குகிறது.

மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுந்துகொண்டிருந்தது. மோட்டார் கம்பி 8 மீட்டர் நீளம் இருந்தது. டிரைவை லேத்துக்குப் பின்சுவரில் மாட்டி, அதை 3 மீட்டர் கவசக் கம்பியாகக் குறைத்தேன். கேரியர் அதிர்வெண்ணை, அதாவது டிரைவ் அலையை நறுக்கும் வேகத்தை, 10 கிலோ ஹெர்ட்ஸிலிருந்து 4-க்கு இறக்கினேன். அதன் பிறகு விழவில்லை. மோட்டாரில் மெல்லிய கீச்சொலி கேட்கிறது, காது பழகிவிட்டது. ஆர்.சி.சி.பி.யைத் தவிர்த்துவிட்டு நேராக இணைக்கச் சொன்னவர்களும் உண்டு. ஈரக் கையோடு கூலன்ட் ஊற்றும் இடத்தில் அதைச் செய்ய மாட்டேன்.

குறைந்த வேக ஆசையும் ஒரு பாடம் கற்றுத்தந்தது. பெல்ட்டை மாற்ற சோம்பல்பட்டு, பெரிய விட்டத் தகடு ஒன்றை 12 ஹெர்ட்ஸில் இருபது நிமிடம் கடைந்தேன். மோட்டாரின் உடலில் கை வைக்க முடியவில்லை, 78 டிகிரி. அதன் விசிறி அதே தண்டில் இருப்பதால் வேகம் குறைந்தால் காற்றும் போய்விடுகிறது. புல்லியை மாற்றினால் வேகம் குறையும்போது இழுவிசை கூடும், டிரைவில் குறைத்தால் கூடாது. கனமான வேலைக்கு இப்போது பெல்ட்டையே மாற்றுகிறேன். கீழ் எல்லையை 20 ஹெர்ட்ஸில் பூட்டிவிட்டேன், மேல் எல்லை 70. மோட்டாரின் பின்னால் தனியாக ஒரு 230 வோல்ட் விசிறியும் வைத்திருக்கிறேன்.

செலவு: டிரைவ் 4,500, வைண்டிங் கூலி 900, பேரிங் 520, எம்.சி.பி.யும் கம்பிகளும் 1,350, ரெசிஸ்டர் 950, வேகக் குமிழும் அதற்கான பெட்டியும் 380, விசிறி 650. மொத்தம் 9,250 ரூபாய். புது டிரைவ் 9,000 சொன்னார்கள். அடுத்த முறை புதிதாகவே வாங்குவேன். அச்சடித்த கையேடும், முந்தைய கை எதுவும் படாத அமைப்புகளும் அந்தக் கூடுதல் பணத்துக்குத் தகும். மோட்டார் வாங்கும் முன் முனைப் பெட்டியின் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி, உள்ளே ஆறு கம்பி இருக்கிறதா என்று பார்ப்பேன். அமைப்பு ஒன்றை மாற்றிப் பலன் இல்லை என்றால், அடுத்ததைத் தொடும் முன் அதைப் பழைய எண்ணுக்கே கொண்டுபோவேன்.

இறுதி எண்களை ஒரு அட்டையில் எழுதி டிரைவ் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன்: அடிப்படை 50, மேல் 70, கீழ் 20, வோல்ட் 230, ஆம்பியர் 5.9, கிளம்ப 4 நொடி, நிற்க 6 நொடி, பூஸ்ட் 4, கேரியர் 4. அதற்குக் கீழே சிவப்பு மையில், மின்சாரத்தை அணைத்த பின் பத்து நிமிடம் கழித்தே உள்ளே கை வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். வார்ப்பிரும்புத் தூள் உள்ளே போகாமல் பெட்டியின் காற்றுத் துளைகளுக்கு வலை கட்டும் வேலை மட்டும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை செய்துவிடுவேன்.